எட்டாவது படம்

1934 மே 9, இரவு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பூதப்பாண்டியில் எங்கள் எருமை இன்று முதன்முறையாகப் படம் எடுத்துக்கொண்டது. சித்தப்பா தந்த பெட்டிக் காமிராவில் அது ஏழாவது படம்.

"ஏலே, எருமையை எடுத்தது போதும். எனக்கு ஒண்ணு மிச்சம் வை" என்றாள் எஸ்தர் அக்கா. சுருளில் மொத்தமே எட்டுதான். அத்தானோடு கொழும்புக்குப் புறப்படும் அவளுக்காகவே எட்டாவதை வைத்திருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே முகச்சாடை, பிறகென்ன?" என்றேன். காதைத் திருகினாள். இடது காதுதான். சிறு வயதில் சீழ் வைத்ததிலிருந்தே என் வலது காதை அவள் தொட்டதில்லை.

பஸ் பக்கத்தில் அவளை நிறுத்தி, லென்ஸைத் துணியால் துடைத்து, மூச்சைப் பிடித்து விசையைத் தட்டினேன். எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் கல் மாதிரி நின்றேன்.

அது பொய். காமிராவின் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் எத்தனையாவது படம் என்று எண் தெரியும். தட்டுவதற்கு முன் அதைப் பார்க்கத்தான் செய்தேன். கண் நிறைந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. எட்டு என்றே நினைத்துக்கொண்டேன். பஸ் போன பிறகு பார்த்தால் ஏழு. அவள் காதைத் திருகிய சிரிப்பில் நான் சுருளை அடுத்த படத்துக்குத் திருக மறந்திருக்கிறேன். அக்கா எருமையின் மேலேயே பதிந்துவிட்டாள். எட்டாவது இன்னும் காலியாக இருக்கிறது.