உதயா வண்டி வேண்டாம்

ஏப்ரல் 3

வாயால் சொல்ல வேண்டியதை இங்கே வந்து எழுதுகிறேன். மன்னிக்கணும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை. வீட்டில் பேச ஆரம்பித்தால் ஒரு வார்த்தைக்கு மேல் வருவதில்லை.

தங்கை கிருஷ்ணப்பிரியாவுக்கு பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது. அவளும் ஃபஸீலாவும் இன்னும் இரண்டு தோழிகளும் ஏற்காடு போக ஆசைப்படுகிறார்கள். "அக்கா, ஆபீஸ்ல லாரியே புக் பண்றே. எங்கள புக் பண்ண மாட்டியா?" என்றாள்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். லாரி நம்பரை அரசு ஆப்பில் போட்டு பெர்மிட், இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்த்த பிறகுதான் வண்டியில் லோடு ஏற்ற விடுவேன். வால்வுக்கே அவ்வளவு.

ஏப்ரல் 5

பிரியா இன்ஸ்டாவில் ஒரு விளம்பரம் காட்டினாள். தங்க, சாப்பிட, சுற்ற, எல்லாம் சேர்த்து நம்ப முடியாத மலிவு. முழுப் பணத்தையும் இன்றைக்கே ஜி-பே பண்ணணுமாம். லாட்ஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே தென்னை, அதற்கு அப்பால் கடல். ஏற்காட்டில் கடல். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியில் முடிவானது இது: சேலம் வரை ரயில், மேலே அரசு பஸ், தங்குவதற்குக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் விடுதி. போன் பண்ணினேன். "இருட்டறதுக்குள்ள கேட்டைப் பூட்டிடுவோம், பரவாயில்லையா?" என்று கேட்டார் ஒரு சிஸ்டர். அந்தக் கேள்வியிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

ஏப்ரல் 6

அண்ணன் தினகரன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "இன்னாத்துக்கு ரயிலு? உதயா வண்டி கீது. நம்ம தெரு பையன். ஊட்டாண்ட ஏத்திகினு ஊட்டாண்டயே எறக்கி வுடுவான்."

"தெரிஞ்ச பையன்னா நமக்கும் பயமில்ல" என்றாள் அம்மா.

எங்கள் மேனாம்பேட்டில் பாதுகாப்பு என்றால் இதுதான். தெரிந்த பையன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

உதயகுமாரை எனக்கும் தெரியும். போன மாதம் திருவேற்காட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரரைக் கீழே தள்ளி வீல் ஸ்பேனரால் முழங்காலில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் பஸ் ஸ்டாப்பில் நின்ற எனக்குக் கேட்டது. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அடித்தான். அந்த மனிதரின் கையை மிதித்துப் பிடித்திருந்தது என் அண்ணன்.

வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளை போர்டு. வாடகைக்கு ஓட்டவே கூடாது. இன்ஷூரன்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது. இதையெல்லாம் சொல்லத்தான் போனேன். "வேண்டாம்" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

ஏப்ரல் 7

ரயில் டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 8

முட்டாள். நான் முட்டாள்.

அப்பா போன பிறகு கேஸ், ரேஷன், பாங்க் எல்லாவற்றுக்கும் அண்ணன் நம்பர்தான். வீட்டு ஆம்பளை நம்பர். காலேஜில் படிக்கும்போது ஆன்லைன் ரயில் டிக்கெட்டுக்குக் கணக்கு ஆரம்பித்தபோது நானும் யோசிக்காமல் அதையே கொடுத்திருக்கிறேன். டிக்கெட் மெசேஜ் நேராக அவனுக்குப் போய்விட்டது.

முடியைப் பிடித்து இழுத்துப்போய் பீரோ கண்ணாடியில் மோதினான். "டிகிரி வாங்கிட்டா நீ பெரிய இவளாடி? உதயாகிட்ட வார்த்த குட்த்துட்டேன்." பிரியா நடுவில் வந்தாள். வயிற்றில் உதைத்தான். சுவரோரம் சுருண்டு கிடந்தாள், அழக்கூட மூச்சு வரவில்லை. போனை என் கையில் திணித்து, டிக்கெட்டை கேன்சல் பண்ணும்வரை என் சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டே இருந்தான். கேன்சல் பண்ணினேன். பண்ணிய பிறகு உடைத்தான்.

அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். "அவன் கோவக்காரன்னு தெரியுமில்ல. ஏன்டி எதுத்துப் பேசறே?"

எங்கே பேசினேன்? ஒரே ஒரு வார்த்தை — அதுவா எதிர்த்துப் பேசுவது?

ஏப்ரல் 9

விரல்.

ஏப்ரல் 11

பயணமே நின்றுவிட்டது என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு ஆவடி ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுன்டருக்குப் போனேன். பூந்தமல்லியிலிருந்து ஃபஸீலாவின் அம்மா, குல்ஷன் ஆன்ட்டி, வந்திருந்தார். என் கைக்கட்டைப் பார்த்தார். ஃபாரத்தை வாங்கித் தானே நிரப்பினார். போன் நம்பர் இருந்த இடத்தில் அவருடைய நம்பர். நான்கு பெயர் எழுதி முடித்ததும் பேனாவை எடுக்கவில்லை.

"அஞ்சாவதா உன் பேரு. தாட்சாயிணிக்கு எந்த 'ணி'ம்மா?"

"நான் எதுக்கு ஆன்ட்டி?"

"இந்தக் கையோட அந்த ஊட்ல தனியா இருக்கப்போறியா? சொல்லு."

சொன்னேன்.

ஏப்ரல் 15

ரயிலில் எழுதுகிறேன்.

அண்ணன் நைட் ஷிஃப்டிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிடலாம் என்று நினைத்தோம். செருப்பு போடும்போது வந்துவிட்டான். பையைப் பார்த்தான். பிரியாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அவள் கால் தரையில் இல்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. நான் குக்கரை எடுத்தேன். அவன் தோளில் இறக்கினேன். விடவில்லை. மறுபடி, காதோரம். தோல் கிழிந்து ரத்தம் என் சுடிதாரில் தெறித்தது. விட்டான்.

என் பக்கம் திரும்பினான். அப்போது அம்மா பின்னாலிருந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"போங்கடி" என்றாள்.

அவளை அவன் அடிக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. நான் திரும்பிப் போகவில்லை. பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். போயிருக்கணுமா?

ஏப்ரல் 16, ஏற்காடு

பிள்ளைகள் நான்கு பேரும் படகு விடப் போயிருக்கிறார்கள். பிரியா கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போனாள். விரல் தடங்கள் நீலமாகிவிட்டன. ஆனாலும் போட்டோவுக்குச் சிரித்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் முதலில் போலீஸ் ஸ்டேஷன். பிறகு குல்ஷன் ஆன்ட்டி வீட்டு மாடி அறை. மேனாம்பேடு இல்லை.

விடுதி போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வார்த்தைகள் குழறின. உதடு கிழிந்திருக்கிறதாம்.

"பல்லு ஒண்ணு ஆடுது, அவ்ளோதான். சாப்ட்டீங்களா? அங்க குளுருதா?"

"அவன்?"

"தூங்கறான். சரி, வெச்சிடட்டுமா?"

சின்ன வயதிலிருந்து கேட்க நினைத்த ஒன்று. கேட்டால் அவனைத்தான் தேர்ந்தெடுப்பாள் என்ற பயத்தில் கேட்காமலே வளர்ந்துவிட்டேன். இன்றைக்குக் கேட்டேன்.

"அம்மா, அவன் எழுந்துக்கறதுக்குள்ள கிளம்பி வந்துடு. பூந்தமல்லிக்குப் போ, குல்ஷன் ஆன்ட்டி சேலம் பஸ் ஏத்தி விடுவாங்க. நான் மலை எறங்கி சேலத்துல வந்து நிக்கறேன். வந்துடும்மா."