வடித்து வைத்த சோறு

செலியமேடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. நான் நலம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது என்பதால் எழுதி விரைவுத் தபாலில் போடுகிறேன்.

மோட்டார் சரியாகிவிட்டது. கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு இன்னும் வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் உன் அம்மாவுக்கு மூன்று பேனர்கள் நிற்கின்றன. எல்லாவற்றிலும் 'சமூகச் சேவகி தையலம்மாள்' என்று போட்டிருக்கிறார்கள். அதே வாலிபர்கள் போன மாதம் வரை கொடுத்திருந்த பட்டம் 'வேலையத்த பொம்பள'. பதவி உயர்வு இறந்தபின் சீக்கிரம் வருகிறது.

"அம்மா செத்த அன்னிக்கு ஒரு வாய் சோறு கொண்டாந்து குடுக்காத ஊருக்கு நான் ஏன் காரியத்துக்கு வரணும்பா?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, ஊர்தான் சோறு தரவேண்டும். வந்தவர்கள் மாலை போட்டார்கள், மாரடித்து அழுதார்கள். சோறு மட்டும் வரவில்லை. நாம் பாகூர் கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தோம். எனக்குக் கோபம் வருமுன் ஆச்சரியம் வந்துவிட்டது. ஆகவே விசாரிக்கக் கிளம்பினேன்.

முதலில் எதிர்வீட்டுச் செல்வகுமாரி. "காலையிலயே வடிச்சி வச்சிட்டேன் பெரியப்பா. எடுக்கத்தான் வரல" என்றாள். யார் வரவில்லை என்று கேட்டேன். பதில் சொல்ல வாய் திறந்தவள் முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

காலனியில் சகாயராணி. "ரெண்டு படி வடிச்சிட்டு வாசல்லயே குந்திக்கினு இருந்தேன்யா, அம்மா அண்டா எடுத்துக்கினு வருவாங்கன்னு. பறைச் சத்தம் கேட்டப்புறம்தான், அடப்பாவி, அம்மாவத்தானே இட்டுனு போறாங்கன்னு தோணுச்சி" என்றாள்.

எல்லா வீட்டிலும் இதே கதை. உலை வைத்தார்கள், வடித்தார்கள், காத்திருந்தார்கள். அன்று செலியமேட்டு மாடுகள் கழனித்தண்ணீரோடு ரசமும் குடித்தன.

நீ வெளியூரில் படித்தவள், இதைப் பார்த்திருக்கமாட்டாய். எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் உன் அம்மா நம் பெரிய அண்டாவோடு கிளம்புவாள். ஒவ்வொரு வீட்டுச் சோற்றையும் அதிலேயே கொட்டச் சொல்வாள். ஊர்த் தெருவோ காலனியோ, சோறு ஒரே அண்டாவில் விழுந்து கலந்தபின் எது யாருடையது என்று பிரிக்க எந்தப் பஞ்சாயத்துக்கும் வழியில்லை. தனித்தனியாகக் கொண்டுவந்தால் 'யார் வூட்டுச் சோறு?' என்று யாராவது கேட்பார்கள். அண்டாவிடம் யாரும் கேட்டதில்லை. அதனால்தான் அன்று யாருக்கும் தானாகக் கொண்டுவரத் தோன்றவில்லை. இவ்வளவு காலம் அவளோடு வாழ்ந்துவிட்டு, அந்த அண்டா எதற்கு என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அண்டாவைத் தனியாளாகத் தூக்க முடியாது. ஒரு காதை உன் அம்மா பிடிப்பாள். மறு காதை அந்தந்த வீட்டுப் பெண் அடுத்த வீடு வரை பிடித்துவந்து விடவேண்டும். அதுதான் அவள் வைத்த முறை.

வரும் வெள்ளிக்கிழமை காரியம். உன் சித்தப்பா அரிகரன் வில்லியனூரிலிருந்து கேட்டரிங் சொல்லிவிட்டு வந்தான். "ரெண்டு பந்தல் போட்டுடலாம்ணா, நம்ம ஆளுங்க இங்க, காலனிக்காரங்களுக்குத் தோப்புல. யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது" என்றான். யாருக்கும் என்றால் அவனுக்கு. கேட்டரிங்கை நிறுத்திவிட்டேன். இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை. அதில் கொஞ்சம் நிம்மதியும் உண்டு. பெண்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் வடிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே பந்திதான்.

ஆகவே வெள்ளி காலை அண்டா நம் வாசலிலிருந்து கிளம்பவேண்டும். உன் அம்மா பிடித்த காதை நான் பிடிக்கிறேன். மறு காதைச் செல்வகுமாரி வீட்டிலிருந்து மேற்கொண்டு பிடிக்க ஆள் உண்டு. நம் வாசலிலிருந்து அவள் வாசல் வரைக்கும்தான் ஒரு பெண் தேவை. தெருவைக் கடக்கும் தூரம்.

காலி அண்டாதானே, நீங்களே தூக்கிப்போகலாமே என்று கேட்பாய். நேற்று தூக்கிப் பார்த்தேனம்மா. முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வழியில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு வா.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
தணிகைவேல்