மடுவுக்கு அனுப்பிவிட்டுப் போன மிஸி அக்காவுக்கு

என் உயிரோடு ஒட்டின மிஸி அக்கா,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆண்டு நினைவுக்கு மலர் என்று ஒரு புத்தகம் அடிக்கிறார்கள். பங்குச் சுவாமி எழுதிக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உங்களோடு வேலை செய்த டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லாரும் ஒரே மாதிரித்தான். தாதி வேலையை விட்டுவிட்டு, ஆண்டவர் கூப்பிட்டார் என்று சொல்லி, தகப்பன் தந்த வீட்டை வயது போனவர்களுக்கான வீடாக்கினவர். சைவம் வேதம் என்று சமயம் பார்த்து ஆளைப் பிரிக்காதவர். பொய் சொல்லாதவர்.

அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் நான் எழுதமாட்டேன். என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். சமையலுக்கு நிற்கிற றெஜினாவிடம் கொடுத்து எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லுவேன். கதையைத் திருத்த விடமாட்டேன். பெரியவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

என் அம்மாவை உங்களிடம் கொண்டுவந்து விட்ட நாள் நினைவிருக்கிறதா அக்கா? அம்மாவுக்குப் புற்றுநோய், அம்மாவுக்குத் தெரியாது. எங்களில் யார்தான் சொல்லுவோம்? சொன்னால் ஆள் அந்த நிமிடமே உடைந்துவிடும் என்று எங்கள் குருநகர் முழுக்க நம்புகிறது. நான் உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டேன், அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று. நீங்கள் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஒரு நகவெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள்.

அதுதான் உங்கள் முறை. கட்டிலில் பக்கத்தில் இருந்து, கையை மடியில் வைத்து, நகம் வெட்டத் தொடங்குவீர்கள். வெட்டிக்கொண்டே சொல்லுவீர்கள். கேட்கிறவர் உங்கள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. கையும் ஏற்கெனவே உங்கள் கைக்குள் இருக்கும். அம்மா உடையவில்லை. கொஞ்சம் அழுதா, பிறகு தன் தங்கச்சியைக் கூப்பிடச் சொன்னா. காணிச் சண்டையில் வருடக்கணக்காகக் கதைக்காதவர்கள் இரண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். அதற்குப் பிறகு நான் உங்களை விட்டுப் போகவில்லை. சவுக்காரம் போட்டு உடுப்புத் தோய்க்க நின்றேன், பிறகு குளிப்பாட்ட நின்றேன், பிறகு கடைசி நேரங்களில் கை பிடிக்க நின்றேன்.

நீங்கள் எனக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. "பிலோமினா, ஒருத்தரையும் பொய்யோடை ஆண்டவரிட்டை அனுப்பக்கூடாது. ஒருத்தரையும் தனிய அனுப்பவும் கூடாது. மிச்சமெல்லாம் சோறும் சவுக்காரமும்தான்." இதை வேதமாக நினைத்து நடந்தேன். அந்த வீட்டில் போனவர்கள் எல்லாருடைய கையும் என் கையில் இருந்தது.

உங்கள் கையைத் தவிர.

நாற்பது நாள் தபசு காலம் தொடங்கினபோது நீங்கள் சாப்பாட்டைக் குறைத்தீர்கள். தபசு காலம் முடிந்த பிறகும் கூட்டவில்லை. கேட்டேன். ஆண்டவருக்கு நேர்த்தி என்றீர்கள். மீன் குழம்பு மணத்துக்கு எழும்பிப் போனீர்கள். அதுவும் நேர்த்தி. சீலை இடுப்பில் நிற்காமல் ஊசி குத்தத் தொடங்கினீர்கள். அப்போது வாயு என்றீர்கள். நான் விசரி, ஒன்றும் விளங்காமல் காலையும் மாலையும் இஞ்சி இடித்து, மல்லி அவித்து, வடித்துக் கொண்டுவந்து தந்தேன். நீங்கள் குடித்தீர்கள். "நல்ல சுகமாக் கிடக்கு" என்று கிளாசைத் திருப்பித் தந்தீர்கள். எப்படி அக்கா உங்களால் முடிந்தது? வேறு பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பேன். ஆண்டவர் பெயரை வைத்துச் சொன்னீர்களே.

ஆவணி மடு மாதா திருநாளுக்கு வீட்டில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வான் வெளிக்கிட்டது. நான் போகிறதாய் இருக்கவில்லை. நீங்கள்தான் அனுப்பினீர்கள். "எனக்காக மாதாவிட்டை ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வா. ஆறுதலா நிண்டு வா" என்றீர்கள். வாசல் படலை வரைக்கும் வந்து, என் சீலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்து விட்டீர்கள். நான் மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் நின்று, உங்கள் வாயு மாறவேண்டும் என்று கேட்டேன். அங்கே நிற்கும்போதுதான் றெஜினாவின் போன் வந்தது.

நான் வந்து சேர நீங்கள் பெட்டிக்குள் இருந்தீர்கள். பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர்கள் குளிப்பாட்டி உடுப்பாட்டி இருந்தார்கள். உங்கள் முகத்தில் பவுடர். வாழ்நாளில் நீங்கள் பூசாத பவுடர். எத்தனை பேரை நான் குளிப்பாட்டி வெளிக்கிடுத்தினேன், என் அக்காவுக்கு ஒரு கை தண்ணீர் ஊற்ற எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, நீங்கள் சாகப்போகிறது சுவாமிக்கு முதலே தெரியும். டொக்டருக்குத் தெரியும். றெஜினாவுக்குத் தெரியும். கட்டிலில் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

சரி. இது உங்களுக்குத் தெரிந்த கதைதானே, செய்தது நீங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

உரும்பிராய் அருளம்பலம் அப்புவை நினைவிருக்கும். வெங்காயத் தோட்டம் செய்தவர், சின்னப் பிள்ளையார் படத்தோடு வந்து சேர்ந்தவர், ஒவ்வொரு காலையும் முழுகி அந்தப் படத்துக்கு விளக்கு வைக்கிறவர். நீங்கள் போன பிறகு அவருடைய மகன் குகன் கனடாவில் செத்துப்போனான். திடீரென்று நெஞ்சுவலி. லண்டனில் இருக்கிற மகள் வசந்தி எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள். சொல்லிப்போட்டு அடுத்த மூச்சில் கேட்டாள், "அக்கா, அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவரின்ரை இதயம் தாங்காது. குகனைப் போலை போனிலை கதைக்க ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கிறான். அப்பாக்குக் காது மந்தம்தானே."

சுவாமியிடம் கேட்டேன். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். குசினிக்குப் போய் றெஜினாவிடம் கேட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டு நிமிராமலே சொன்னாள். "மிஸியே உனக்குச் சொல்லேல்லை. பிறகேன் அந்தச் சட்டத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

அவள் சொன்னதில் என்ன பிழை அக்கா? அந்த இரவு நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை சொல்லுகிற வீடு என்று ஒன்று இருந்தது, அதைக் கட்டினவவே அதை இடித்துவிட்டுப் போனா. நான் யார் அதைத் தூக்கி நிறுத்த?

ஆனால் அப்புவின் ஊர்ப் பிள்ளையாருக்குத் தேர் வந்துகொண்டிருந்தது. எந்த வருடமும் அவர் தேருக்குப் போகத் தவறினதில்லை. வேட்டியைத் தோய்த்து மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். நான் வேதக்காரி, என்றாலும் இத்தனை வருடம் சைவப் பெரியவர்களோடு இருந்து எனக்குத் தெரியும். மகன் செத்தால் தகப்பனுக்குத் துடக்கு. மாதம் கழியும் வரைக்கும் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, விளக்கு வைக்கக்கூடாது. அந்த மனிதன் ஒன்றும் அறியாமல் தினமும் முழுகி விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். இனித் தேர் வடத்தையும் பிடிக்கப் போகிறார். ஒருநாள் தெரியவரும். தெரியவரும்போது, மகன் போனது ஒரு பக்கம், தன் சாமிக்குத் தானே செய்த குற்றம் இன்னொரு பக்கம். வசந்தியிடம் அதைச் சொன்னேன். "துடக்கு நாங்கள் இஞ்சை காக்கிறம்தானே" என்றாள். அவருடைய துடக்கை அவருக்காக லண்டனில் காக்கலாமா?

அதோடு இன்னொன்றும் சொன்னாள். குகனை இன்னும் எரிக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைதானாம். போனில் எல்லாரும் பார்க்கலாமாம்.

பெட்டி மூடுவதற்குள் வந்து சேர வானில் அழுதுகொண்டு வந்த என்னை நினைத்தேன். நகவெட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குள் போனேன்.

அவர் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் போர்வைக்குள் ஒளித்தார். "உதை அங்காலை வை பிள்ளை. இந்த வீட்டிலை நகம் வெட்ட வந்தா ஆருக்கோ ஆப்பு எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆர், நானோ?"

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "நீங்கள் இல்லை அப்பு" என்றேன்.

அவர் ஒரு கையை மெல்ல வெளியில் எடுத்து என் மடியில் வைத்தார். "அப்ப வெட்டு."

பெருவிரலில் தொடங்கினேன். "குகன் தம்பி எங்களை விட்டுட்டுப் போட்டார் அப்பு. நெஞ்சு வருத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னம் முடிஞ்சுதாம்."

கை இறுகியது. "எப்ப?"

"போன கிழமை."

"எரிச்சாச்சோ?"

"இல்லை. ஞாயிற்றுக்கிழமை."

அவர் பிள்ளையார் படத்தைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "போன கிழமை முழுக்க நான் விளக்கு வைச்சனான்" என்றார். நான் எழும்பி விளக்கை அமர்த்தப் போனேன். வேண்டாம், எண்ணெய் முடிய அது தானாக அணையட்டும் என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நீ சொன்னது சரிதான் மோனை. ஆனா இண்டைக்கு உன்ரை முகத்திலை முழிக்கேலாது. றெஜினாவை அனுப்பு, முழுகவேணும்."

வசந்தியோடு அவரே கதைத்தார். கத்தவில்லை. பெற்றவன் தான் இருக்க, ஊருக்கெல்லாம் சொல்லித் தனக்குச் சொல்லாமல் விட்டது ஏன் என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் அவள் அழுகிறது எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை றெஜினாவின் போனைக் கதிரையில் சாத்தி வைத்தோம். ஈரத் தலையோடு முன்னால் இருந்தார். ஒரு பேணிப் பச்சையரிசி கேட்டார். மற்றவர்கள் அங்கே வாய்க்கரிசி போட, இவர் போனுக்கு முன்னால் வைத்த தட்டில் அரிசியைப் போட்டார். தேவாரம் பாடத் தொடங்கினார், நடுவில் குரல் போய்விட்டது. சைவக்காரர் இரண்டு பேர் கட்டிலில் கிடந்தபடியே மிச்சத்தைப் பாடி முடித்தார்கள். தேர் அன்று, தோய்த்து வைத்திருந்த வேட்டியை எடுத்து என்னிடம் தந்து, உடுப்புப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். அன்றுதான் திரும்ப என்னோடு கதைத்தார்.

அவருடைய இதயம் நிற்கவில்லை அக்கா. என் இதயமும் நின்றிருக்காது.

நான் ஏன் சொன்னேன் தெரியுமா? உங்கள் சட்டம் என்பதற்காக இல்லை. உங்கள் சட்டத்தில் எனக்கு இருந்த நம்பிக்கையை நீங்களே மடு வானில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். சொல்லாமல் விட்டால் மிஞ்சுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொருவருக்குச் செய்ய என்னால் முடியவில்லை.

தேர் அன்று இரவு றெஜினா வாய் திறந்தாள். அவளிடம் நீங்கள் சொன்னீர்களாம், "அவளைப் பாத்துக்கொண்டு எனக்குப் போக மனம் வராது" என்று. பார், உன்மேல் எவ்வளவு பாசம் என்று அவள் சொல்கிறாள். சுவாமியும் அப்படித்தான் சொல்கிறார். எனக்கு அது ஆறவில்லை. என் அம்மாவுக்கு என்னை விட்டுப் போக மனம் வந்ததா? அப்புவுக்கு மகனை அனுப்ப மனம் வந்ததா? எல்லாருக்கும் உண்மையைக் கொடுத்த நீங்கள், எனக்கு மட்டும் பாசத்தைக் கொடுத்துச் சமாளித்தீர்கள். கடைசி நேரம் பயந்தீர்களா அக்கா? பயந்திருந்தால் அதையாவது சொல்லியிருக்கலாமே. பயந்தவர்களோடு நிற்கத்தானே எனக்குப் பழக்கினீர்கள்.

ஒன்று தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வீட்டை நடத்துவேன். சோறும் சவுக்காரமும் குறையாது, உண்மையும் குறையாது. என் நாள் கிட்ட வரும்போது, பக்கத்தில் நிற்கிறவளுக்கு நானே முதலில் சொல்லுவேன். அவள் றெஜினாவோ, இனி வரப்போகிற ஒருத்தியோ. அழுதால் அழட்டும். ஒரு திருநாளுக்கும் அனுப்பமாட்டேன். அவளுடைய அழுகையைப் பார்த்துக்கொண்டே போவேன்.

உங்களோடு இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் தங்கச்சி
பிலோமினா