உன் தமிழ் பிழைக்கவில்லை

என் கள்ளிக்கு,

இன்று உன் அம்மா என் கையில் ஒரு புத்தகத்தைத் தந்தார். "அவளின்ரை கட்டிலுக்குக் கீழை கிடந்தது பிள்ளை. லைப்ரரியிலை குடுத்துவிடு" என்றார். திறந்தவுடன் மிக்சர் வாசம். நூற்றுப் பதினோராம் பக்கத்தின் ஓரத்தில், மிளகாய்த்தூள் கலந்த எண்ணெயில், உன் பெருவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில் நாற்பது சோடிச் செருப்புகளை இடம் மாற்றி வைத்துவிட்டுப் பக்தியோடு கண்ணை மூடி நின்றவள் நீ. எங்கேயும் தடயம் விட்டதில்லை. போயும் போயும் மிக்சரில் மாட்டியிருக்கிறாய்.

அந்தப் புத்தகம் உனக்கு நினைவிருக்கும். சிக்கானோ கதைகளின் தொகுப்பு. மெக்சிக்கோ வேர்களோடு அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அது என்றும், முன்பு வசையாக இருந்த சொல்லை அவர்களே எடுத்துப் பதக்கம் போலச் சட்டையில் குத்திக்கொண்டார்கள் என்றும் நீதான் எனக்குச் சொன்னாய். ஏ லெவல் ஆங்கிலக் கட்டுரைக்கு நாங்கள் எல்லோரும் மெல்லிய புத்தகமாகத் தேடிக்கொண்டிருந்தபோது நீ இதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ரெய்னர்ஸ் லேனில் உங்கள் குசினி மேசையில் இருந்தோம். உன் அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை வாசிக்கிறாய்?"

"சிக்கானோ, அம்மா."

"சிக்கனோ? இண்டைக்கு வெள்ளிக்கிழமை. இந்த வீட்டிலை மச்சம் மாமிசம் ஏலாது!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் நிலத்தைத் தட்டினார். எனக்கு அது போதவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணத்தை வாழ்க்கையில் முதன்முதலாகப் பயன்படுத்தினேன். "எடி, வரான், தரான் மாதிரித்தான் இதுவும். சிக்கான் எண்டால் சிக்கமாட்டான். பிடிபடாதவன். ஓ போட்டால் சந்தேகம்."

"அப்ப நாங்கள் சிக்காள்" என்றாய். "சந்தேகமே இல்லை."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேர் கட்சிக்கு அதுதான் பெயர். கட்சியின் மிகப் பெரிய சாதனை மட்டும் கட்சி தொடங்குவதற்கு முந்திய வருடமே நடந்து முடிந்திருந்தது. பேரன்ட்ஸ் ஈவினிங். உன் அப்பா ஷிப்டில் இருந்ததால் உன் அம்மா மட்டும் வந்திருந்தார். விஞ்ஞான ஆசிரியர் வேகமாகப் பேசுகிறவர். உன் அம்மாவின் ஆங்கிலம் அவர் வேலை செய்த கடையின் வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை. அடுத்தது என் முறை என்பதால் பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

வகுப்பில் இவள் வாயே மூடுவதில்லை என்றார் ஆசிரியர். நீ அம்மாவிடம் திரும்பி, "நல்லாக் கதைக்கிறனாம்" என்றாய்.

மற்றப் பிள்ளைகளின் கவனத்தைக் குழப்புகிறாள் என்றார். "மற்றப் பிள்ளையளின்ரை கவனத்தை ஈர்க்கிறனாம்."

இப்படியே போனால் எங்கே போய் நிற்பாளோ தெரியாது என்று அவர் கையை விரித்தார். நீ மூச்சுக்கூட விடாமல் சொன்னாய்: "நான் எங்கையோ போயிடுவனாம் அம்மா."

நான் சப்பாத்து நாடாவைக் கட்டுவது போலக் குனிந்து மேசைக்குக் கீழே அழுதேன், சிரிப்பில். அடுத்த நாள் உன் அம்மா ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் செய்து ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் பெட்டியையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். நான்கு.

அதனால்தான் நூற்றுப் பதினோராம் பக்கம் உன்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கதையில் டெக்சாஸில் ஒரு பையன். வாடகை வீடு. வீட்டுச் சொந்தக்காரன் வந்து, உங்கள் சமையல் நாற்றம் தெருவெல்லாம் வீசுகிறது என்று கத்துகிறான். பையன் தாயிடம் ஸ்பானிய மொழியில், எங்கள் சமையல் வாசம் தெரு முழுக்க வருகிறதாம் என்கிறான். தாய் மகிழ்ந்துபோய் மறுநாள் ஒரு கோப்பை நிறையச் சமைத்துக்கொண்டு அவன் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. மூடுகிறது. தாய் கோப்பையோடு நிற்கிறாள். பையன் தெருவின் மறுபக்கத்தில் நின்று பார்க்கிறான்.

எங்கள் ரோல்ஸ் கதை என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மிக்சரைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்தக் கதையள் முழுக்க, சின்னப் பிள்ளை எப்ப பெரிசாகுது எண்டுதான் தேடுது" என்றாய். "எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஒரு சொல்லை மாத்திச் சொல்லேக்கை."

"நல்ல வசனம். மார்க்ஸ் விழும்" என்றேன் நான். வேறு என்ன சொல்ல? அன்று எனக்குப் பதினாறு வயது, நாட்காட்டிக் கணக்கில். மற்றபடி ஏழு.

இன்னொன்றையும் அடிக்கோடிட்டிருந்தாய். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய மொழி பேசினால் ஏச்சு. வீட்டில் வாயைத் திறந்தால், உன் ஸ்பானியம் உடைந்த ஸ்பானியம் என்று உறவினர்களின் சிரிப்பு. "ரெண்டு இடாப்பிலும் பேர் கூப்பிடுவினம். ரெண்டிலையும் ஆப்சென்ட்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். தமிழில்.

பிறகு உன் இரத்தத்தில் நோய் வந்தது. அந்த மாதங்களை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு திங்கட்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

காலையில் டொக்டர் வந்தார். வியாழன் மொழிபெயர்ப்பாளர் வருவார், எல்லோருமாக இருந்து பேசலாம் என்றார். நீ விடவில்லை. எனக்கு இப்போதே சொல்லுங்கள் என்று கேட்டாய். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மிக மெதுவாகச் சொன்னார்: உனக்கு உதவக்கூடிய மருந்துகள் எல்லாம் முடிந்துவிட்டன. இனி உன் வலியைக் குறைப்போம், உன் கூடவே இருப்போம். அம்மாவுக்குச் சொல்ல வியாழன் வரை காத்திருக்கட்டுமா என்றும் கேட்டார். நானே சொல்கிறேன் என்றாய்.

அவர் போனதும் உன் அம்மா தேநீர் பிளாஸ்க்கைப் பிடித்தபடி எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தார். "என்னவாம்?"

"மருந்தெல்லாம் முடிஞ்சுதாம் அம்மா" என்றாய். "இனி ஊசியும் இல்லையாம்."

"முருகா!" என்று உன் அம்மா பிளாஸ்க்கோடு சேர்த்து உன்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலால் நீ என்னைப் பார்த்தாய். சத்தம் வராமல், உதட்டால் மட்டும் ஒரே ஒரு சொல் சொன்னாய். சிக்காதை.

புதன்கிழமை உன் அம்மா மட்டன் ரோல்ஸ் செய்துகொண்டு வந்தார். வார்ட் வாசலில் டொக்டரை மறித்து, "தாங்க்யூ, தாங்க்யூ" என்று இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார். டொக்டர் பெட்டியை வாங்கினார். அதை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். நான் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பையன் தெருவின் மறுபக்கத்தில் ஏன் நின்றான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வியாழன் மொழிபெயர்ப்பாளர் வந்தார். எல்லாம் சொல்லப்பட்டது. உன் அம்மா உன்னிடம் திரும்பி, "நீ வேறை மாதிரியெல்லோ சொன்னனி?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு விளங்கேல்லை அம்மா. தமிழ் பிழைச்சுப்போச்சு" என்றாய்.

உன் வாழ்க்கையில் நீ சொன்ன ஒரே முழுப் பொய் அதுதான்.

நான் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வருடம் காட்டிக்கொடுக்கவில்லை. போன ஞாயிறு உன் ஆட்டைத்திவசம், நீ போய் ஒரு வருடம். சாப்பாட்டு நேரத்தில் உன் பெரியம்மா, "இஞ்சத்தைப் பிள்ளையளுக்குத் தமிழ் அரைகுறைதானே. பாவம், டொக்டர் சொன்னதுகூட அவளுக்கு விளங்கேல்லை" என்றார். நான் அப்பளத்தைக் கையிலேயே நொறுக்கினேன். உன் அம்மா தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "என்ரை பிழைதான். ஒழுங்காத் தமிழ் சொல்லிக் குடுத்திருந்தால் பிள்ளைக்கு விளங்கியிருக்கும்."

அவர் அதை ஒரு வருடமாகச் சுமக்கிறார், கள்ளி. நீ அவருக்கு மூன்று நாள் நிம்மதி கொடுத்தாய். அதற்கு வட்டி போல இது வளர்ந்திருக்கிறது. என் வாய்க்கும் உனக்குக் கொடுத்த வாக்குக்கும் நடுவில் அந்த ஞாயிறு பெரிய சண்டை. திங்களும் சண்டை. சொன்னால், உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதையும் அவர் தாங்க வேண்டும். சொல்லாவிட்டால், உன் தமிழை அரைகுறை என்று ஊர் முழுக்கப் பரிமாறுவார்கள், சாம்பாரோடு. தமிழில் தவறுவதும் பிழைப்பதுதான், உயிர் தப்புவதும் பிழைப்பதுதான். நீ பிழைக்கவில்லை. உன் தமிழும் பிழைக்கவில்லை. முதலாவதற்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. இரண்டாவதற்கு முடியும்.

அதனால் இன்று போனேன். புத்தகத்தை வாங்கினேன். கதிரையில் இருந்தேன்.

"அன்ரி, அவளுக்கு அண்டைக்கு எல்லாம் விளங்கினது. வடிவா விளங்கினது."

உன் அம்மா அடுப்பைக் குறைத்தார். நான் டொக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். நீ கேட்டாய், அவர் சொன்னார், நீயே சொல்வதாகச் சொன்னாய், எல்லாம். என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. தமிழ் உடையவில்லை.

அவர் அடுப்பை அணைத்தார். பிறகு, "அவள் சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லு" என்றார்.

"மருந்தெல்லாம் முடிஞ்சுதாம் அம்மா. இனி ஊசியும் இல்லையாம்."

"மருந்து முடிஞ்சுது. ஓம்." ஒரு விரலை மடக்கினார். "ஊசி இல்லை. ஓம்." இன்னொரு விரல். இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு சொல்லும் பொய் இல்லை. கள்ளி. என்னெண்டு கோர்த்திருக்கிறாள் பார்."

அழுதார். நானும். நிறைய. அதை எழுதப்போவதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று துவாயை இறக்கினார். கண் சுருங்கியது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், உன்னிடமும் இருந்தது.

"அப்ப அந்த விஞ்ஞான மாஸ்டர்?"

"எந்த மாஸ்டர் அன்ரி?"

"நல்லாக் கதைக்கிறா எண்டு சொன்னவரெல்லோ?"

இனி மாற்றிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "வாய் மூடுறேல்லை எண்டு சொன்னவர்."

"கவனத்தை ஈர்க்கிறா?"

"குழப்புறா."

"எங்கையோ போயிடுவா?"

அதை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பிறகு துவாய் என் முகத்தில் வந்து விழுந்தது.

"அடியேய்! நான் அந்த மனுசனுக்கு ரோல்ஸ் எல்லோ சுட்டுக் குடுத்தனான்!"

உன் அம்மா சிரித்தார், கள்ளி. கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேல்வீட்டுக்காரர் நிலத்தைத் தட்டினார்.

புத்தகத்தை நாளை திருப்பிக் கொடுக்கிறேன். விரல் ரேகையைத் துடைக்கமாட்டேன். அடுத்து வாசிப்பவர் உன்னைக் கண்டுபிடிக்கட்டும். உன் கட்டுரையின் முதல் வசனத்தை, உன் பெயரைப் போட்டு, என் கட்டுரையில் எடுத்திருக்கிறேன். நான் வெளிக்கிடும்போது உன் அம்மா கவுன்சிலில் இருந்து வந்த கடிதமொன்றை எடுத்து வந்தார். "இதிலை என்ன கிடக்கெண்டு சொல்லு. உள்ளதை உள்ளபடி" என்றார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் உள்ளே போய், உன் கதிரையில் இருந்து, முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

சிக்கிவிட்டோமடி.