சிவப்புப் பொத்தானுக்குப் பிறகு நீ சொன்னது

பதுளை
18.02.1981

அன்பு மகன் ஷுக்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் தங்கை நபீலாவும் சுகம். நீயும் சுகம் என்று வழக்கம்போல எழுத ஆசைதான், ஆனால் அது எனக்குத் தெரியாது, அதை அறியத்தான் இந்தக் கடிதம். நபீலா சோதனை எழுதி முடித்துவிட்டாள், நூலகத்திலிருந்து எனக்கும் சேர்த்துப் புத்தகம் கொண்டுவருகிறாள், இரண்டு பேரும் போட்டிபோட்டு வாசிக்கிறோம்.

நீ ரியாதிலிருந்து கொடுத்தனுப்பிய ரெக்கோடரும் கெசட்டும் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. இனிக் கடிதம் வேண்டாம், உம்மாவும் கெசட்டில் பேசி அனுப்பட்டும் என்று சொல்லியிருந்தாய். நான் பேசப் போவதில்லை. ஏன் என்று கேள். வாப்பா அதை வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை, ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் நிறைந்த நேரம் பார்த்து நம் கடை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டார். நானும் நபீலாவும் சீலை மறைப்புக்குப் பின்னால் நின்று கேட்டோம். அறையைக் குளிராக்கும் மெஷின், ஆள் கிட்டப்போனால் தானே திறக்கும் கதவு என்று நீ சொல்லச்சொல்ல, பண்டாரவளையைத் தாண்டியிராத உன் வாஹித் மாமா, "பாத்தீங்களா மச்சான், இன்னும் பத்து வருஷத்துல மனுஷன் கைய அசைக்கத் தேவயில்ல, எல்லாம் மெஷின் பாத்துக்கொள்ளும்" என்று விளக்கம் கொடுத்தார். சீனி வாங்க வந்த தோட்டத்து இராமையா, "அப்படிங்களா மொதலாளி, எங்க பெக்டரிக்கும் புது மெஷின் வந்திருக்குங்க, அது சும்மா நிக்கக் கூடாதுன்னு பொம்பளைங்கள இன்னும் ரெண்டு கிலோ கொழுந்து கூட எடுக்கச் சொல்றாங்க" என்றார். மாமாவுக்கு அது மட்டும் காதில் விழவில்லை. மனிதகுலத்தின் முன்னேற்றம் பற்றிப் பெரிய புத்தகங்களில் நான் வாசித்ததை எல்லாம் சேர்த்தாலும் இராமையா சொன்னதற்குப் பதில் இல்லை. மெஷின் நல்லதா கெட்டதா என்பது சோம்பேறிகளின் கேள்வி. அது வந்த பிறகு யாருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

பிறகுதான் நீ, "வாப்பா, மாமா, எல்லாரும் கொஞ்சம் அங்கால போங்க, இனி உம்மாவுக்கு மட்டும்தான்" என்றாய். கடையே சிரித்தது. ஒருவர்கூட எழும்பவில்லை. உன் குரலைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த அந்தப் பெட்டிக்கு நாலு பேரை வெளியே அனுப்பத் தெரியவில்லை. "உம்மா, ஒங்கக்கிட்ட மட்டும்தான் சொல்றன், எனக்கு இங்க" என்னும்போது உன் குரல் உடைந்தது. வாப்பா பதறிப்போய்க் கையில் அகப்பட்ட பொத்தான்களை எல்லாம் சேர்த்து அமுக்கினார், சத்தம் நின்றது. "பொடியனுக்குத் தடிமன் போல" என்றார். குளிர் மெஷினில் இருந்தால் அப்படித்தான் வரும் என்று மாமாவும் ஒத்துக்கொண்டார். என்ன அறிவு பார்!

மறுநாள் எல்லாரும் போன பிறகு நான் தனியே போட்டுக் கேட்டேன். "எனக்கு இங்க" என்பதற்குப் பிறகு மாமாவின் இருமலும், கருவாடு வந்ததா என்று யாரோ கேட்பதும்தான் இருக்கின்றன. வாப்பா அமுக்கியதில் சிவப்புப் பொத்தானும் ஒன்று. நீ சொன்னதன்மேல் கடைச் சத்தம் பதிந்துவிட்டது. பேனையும் ஒரு கருவிதானே உம்மா என்று நீ வாதாடுவாய். ஆமாம், ஆனால் எழுதிய தாளை மடிக்கலாம். யார் பிரிக்க வேண்டுமோ அவர்தான் பிரிப்பார். இவ்வளவு ஏசினாலும் உன் குரலுக்காக முன்பாதியை மூன்று தரம் கேட்டேன், அதையும் மறைக்கவில்லை.

மகன், உனக்கு அங்கே என்ன? அதை ஒரு தாளில் எழுது, என் பெயருக்கு அனுப்பு, தபால்காரரிடம் நானே வாங்கிக்கொள்கிறேன். வாப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்த பெருமைக்கு நீ பொறுப்பில்லை. பதினேழு வயதில் உன்னைப் பெற்றவள் நான், உனக்காக வெட்கப்பட எனக்கு இன்னும் பழக்கமாகவில்லை. வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன்னைப் பாதுகாப்பானாக. வர வேண்டும் போலிருந்தால் வா. நம் வீட்டுக் கதவு தானாகத் திறக்காது. யாராவது எழும்பிப் போய்த்தான் திறக்க வேண்டும். நான் எழும்புவேன்.

உன் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
உம்மா
ஸவாஹிரா