ஒன்றே முக்கால் கிலோ

அன்பு மகள் வளர்மதிக்கு அம்மா அமிர்தம் எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். கடையில் அகல்விளக்கு ஆர்டர் குவிகிறது, அப்பாவின் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

நேற்று மத்தியானம் கடையில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். கனவில், அச்சிலிருந்து எடுத்த கிருஷ்ணன் பொம்மைகள் வரிசையாகக் காய்கின்றன, வெயில் பால் மாதிரி மேலே இறங்குகிறது, ஒன்று மட்டும் மூச்சு விடுகிறது. தூக்கினால் நீ. கனமே இல்லை. முழித்த பிறகும் அந்த லேசு உள்ளங்கையிலேயே நின்றது.

போன வாரம் நீ போனில், பிள்ளை வளர்ச்சி கம்மி என்று ஸ்கேனில் வந்ததாகவும், நீ பிறந்த எடையை டாக்டர் கேட்டதாகவும் சொன்னாய். மூன்று கிலோ என்றேன். அது பொய். உன் மாமியார் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள், உண்மை வாயில் வரவில்லை. நீ ஒன்றே முக்கால் கிலோதான். எடை போட்ட நர்ஸம்மா, ஏம்மா புள்ளய பெத்தியா பொம்மய பெத்தியான்னு கேட்டாள். நம்ம வம்சமே சின்ன உடம்பு என்று இத்தனை வருஷம் சொல்லித் திரிந்தேன். உடம்புவாகும் கொஞ்சம் உண்டு, எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ரத்தமும் குறைவு. மீதி என் வேலை. பீங்கான் கம்பெனியில் கூட வேலை செய்த விருத்தாம்பாள் அக்கா, பாதி வயிறா தின்னுடி, கொழந்த சின்னதா இருந்தா நோவில்லாம வந்துடும்னு சொன்னது. ஆறாம் மாதத்திலிருந்து ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன், சூளையோரம் பொம்மை அடுக்கிய பலகை சுமப்பதை மட்டும் நிறுத்தவில்லை. சூட்டில் மண் சுருங்கும் என்று அச்சைப் பெரிதாகப் போடத் தெரிந்தவள், உனக்கு மட்டும் சின்னதாகப் போட்டுவிட்டேன்.

உன் மாமியாரும் இப்போது உனக்கு ராத்திரிச் சோறு வேண்டாம் என்கிறார்களாமே. பிரியத்தில்தான் சொல்கிறார்கள், சண்டை பிடிக்காதே. இந்தக் கடிதத்தை அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு, என் மானம் போனால் போகட்டும். டாக்டரிடம் சரியான எடையை நாளைக்கே சொல்லிவிடு. பிள்ளை பெரிதாக இருந்தால் எப்படி எடுப்பது என்பது அவர் கவலை.

இரும்பு மாத்திரையை டீயோடு போடாதே. எள்ளுருண்டை பார்சலில் வருகிறது, மாப்பிள்ளைக்குக் கொடுத்துத் தீர்த்துவிடாதே. நீயும் பிள்ளையும் நூறு வயது இருங்கள். தூக்கினால் என் கை வலிக்க வேண்டும், அப்படியொரு பிள்ளையோடு வூட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் அம்மா,
அமிர்தம்,
விருத்தாசலம்.