உபவாச நாளின் மாத்திரை

விழுப்புரம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் சுஷ்மாவுக்கு,

அப்பா எழுதுவது. அருகன் அருளால் சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நம் நிலத்தில் மல்லாட்டைச் செடியில் கடலை முற்றிப் பிடுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் உடன் நின்று வேலை வாங்க நான் ஊரில் இல்லை.

நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா தூங்குகிறாள் என்றே சொல்லிவந்தேன். உன் குரலைக் கேட்டால் அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. அம்மா இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சதுர்த்தசிக்கு மறுநாள் காலையிலிருந்து கண் திறக்கவில்லை.

சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்று அவள் ஊரெல்லாம் பெருமை பேசியது உனக்குத் தெரியும். குறை சொல்ல மாட்டேன், நல்ல திட்டம்தான். போன மாதம் முகாமில் மாத்திரையைக் கூட்டினார்கள். நர்ஸ் அமலா எல்லா வீட்டிலும் சொல்வதையே நம் வீட்டிலும் சொன்னாள்: காலை ஒன்று, மாலை ஒன்று, ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. உன் அம்மா சொன்ன சொல் தட்டாதவளாயிற்றே. சதுர்த்தசி உபவாசத்தன்று ஒரு பருக்கை உண்ணாமல், கொதித்து ஆறிய நீரில் காலையில் ஒன்றும் பொழுது சாய்வதற்குள் ஒன்றும் விழுங்கிவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெறும் வயிற்றில் அது சர்க்கரையை அடியோடு இறக்கிவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உபவாசம் இருப்பீர்களா என்று யாரும் கேட்கவுமில்லை.

விடிந்ததும் எழுப்பினேன். தலையணை வியர்வையில் நனைந்திருந்தது, அவள் அசையவில்லை. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் டாக்டர் வேலைக்கு ஆள் போட்டே ரொம்ப நாளாகிறது. திண்டிவனத்தில் குளுகோஸ் ஏற்றிவிட்டு, மூளையைப் பார்க்க விழுப்புரம் போங்கள் என்று அனுப்பினார்கள். இனி அவள் கண் விழிப்பது சந்தேகம்தான் என்று இங்கே டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். சீக்கிரம் வந்திருந்தால் என்றார். நம் ஊரிலிருந்து யாரம்மா எங்கே சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கிறோம்?

அமலா வந்து பார்த்து அழுதாள். "ஏழு ஊரைப் பாத்துக்கினு இருக்கேங்க. மாத்திரையக் குடுத்துட்டு ஓடத்தான் நேரம் இருக்கு" என்றாள். அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. உபவாசம் இருக்கும் வீடுகளில் கேட்டு மருந்து கொடுங்கள், ஒரு டாக்டரைப் போடுங்கள் என்று நம் வார்டு உறுப்பினர் பெரியதம்பி, ஊருக்கு வந்த ஓர் அதிகாரியிடம் மனு கொடுத்தாராம். உங்கள் ஊருக்குத் திட்டம் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அந்த அதிகாரி பதில் சொன்னாராம். சேர்ந்துதான் விட்டது. இனி யாரிடமும் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி கொடுக்கிறார்கள். கடைசி வேளை, விளக்கு வைத்த பிறகு. நம் சமண நெறிப்படி, விவரம் அறிந்த வயதிலிருந்து பொழுது போனபின் ஒரு வாய் உண்டறியாதவள் அவள். முன்னதாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். இத்தனை கட்டிலுக்கு நேரத்தை மாற்ற முடியாதாம், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். கஞ்சி இறங்கும்போது நான் வராந்தாவுக்குப் போய்விடுகிறேன்.

குழாயில் ஊற்ற வீட்டு ஆட்கள் பழகிக்கொண்டால் சாயங்காலமே கொடுக்கலாம் என்று இங்கிருக்கும் ஒரு நர்ஸ் இரக்கப்பட்டுச் சொன்னாள். முயன்று பார்த்தேன், பாதிக் கஞ்சியைத் தலையணையில் கொட்டிவிட்டேன். கிடைத்த ரயிலில் புறப்பட்டு வா அம்மா. வந்து, வெளிச்சம் இருக்கும்போது உன் கையால் அவளுக்கு ஒரு வேளை கொடு. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோயறியாமல் வாழ வேண்டும். பொழுதிருக்கும்போதே வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அப்பா
தேவகுமார்